நிழல் அண்ணாச்சியின் நாற்பத்தோரு ப்ளக்-இன்கள்

எழுத்துகளுக்கு வெட்கம் உண்டு என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில், ஒரு மாடிக் கடையில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எழுத்த அப்படியே அம்மணமா நிறுத்தப்பிடாது தங்கச்சி. பாவம்லா!" என்பார்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த எழுத்தைக் கொடுத்தாலும் அதன் காலடியில் ஒரு நிழலைப் போட்டுவிடுவார் என்பதால் கடையில் அவர் நிழல் அண்ணாச்சி. எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, திறப்பு விழா நோட்டீஸ், மரண அறிவிப்பு எல்லாம் செய்வோம். நான் தமிழும் மலையாளமும் டைப் அடித்துத் தருவேன். அண்ணாச்சி அந்த எழுத்துகளுக்குச் சட்டை மாட்டுவார். நிழல் என்பது வெறும் உள்சட்டை. அதற்கு மேலே தங்க முலாம், கண்ணாடிப் பளபளப்பு, பனி, தண்ணீர்த்துளி எல்லாம் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள் அவை. களவுப் பிரதி மென்பொருள் வைத்திருக்கும் கடைகளில் சோதனை வரப்போகிறது என்று ஒரு நாள் புரளி கிளம்பியது. எங்கள் முதலாளியை நாங்கள் 'சார்' என்போம். நல்ல மலையாளி, அதைவிட நல்ல பயந்தாங்கொள்ளி. ஒரே ராத்திரியில் மூன்று கம்ப்யூட்டரையும் துடைத்து, கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளைப் போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், சேர்க்கலாம் என்று ஊர் உலகத்துக்கே திறந்துவைத்த மென்பொருள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்து பார்த்தார். அவர் இத்தனை நாள் ஒரே சொடுக்கில் போட்டுக்கொண்டிருந்த தங்கமும் கண்ணாடியும் அதில் இல்லை. இழவு வீட்டுக்கு வந்தவரைப்போல நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "அண்ணாச்சி, இதுக்கு வெளி ஆளுகள் எழுதின குட்டி மென்பொருள், ப்ளக்-இன்னுனு, நிறைய கிடைக்கிறதாம். இறக்கிண்டு வந்து சேர்த்துக்கலாம்."

அவ்வளவுதான். கிழக்கேகோட்டை பக்கம் இருந்த நெட் கஃபேக்கு அண்ணாச்சி கோவிலுக்குப் போவதுபோலக் குளித்துப் போக ஆரம்பித்தார். வரும்போது சட்டைப் பையில் ஃப்ளாப்பி இருக்கும். ராகு காலத்தில் ப்ளக்-இன் நிறுவ மாட்டார். நிறுவும் முன் நேரே பழவங்ஙாடிப் பிள்ளையாரிடம் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவார். ஒரு ப்ளக்-இன்னுக்கு ஒரு தேங்காய். அதில் சமரசமே கிடையாது.

ஃபைலை எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று கூடவே வரும் குறிப்பில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அண்ணாச்சி குறிப்பைப் படிக்கிற ஜாதி இல்லை. கண்ணில் படுகிற எல்லா ஃபோல்டரிலும் ஒவ்வொரு பிரதியைப் போட்டுவைப்பார்.

"எங்கெயாவது ஒரு எடத்துல பிடிச்சிரும்லா?"

பெரும்பாலும் பிடித்தும்விடும். எங்கே பிடித்தது என்று மட்டும் அவருக்கும் தெரியாது, பிள்ளையாருக்கும் தெரியாது.

ஒன்றே ஒன்று பிடிக்கவே இல்லை. எழுத்தை வெண்கலத்தில் வார்த்த மாதிரி காட்டுகிற ப்ளக்-இன். மூன்று தேங்காய் உடைத்தும் பட்டியலில் அதன் பெயர் வரவில்லை. குற்றம் எங்கோ தன் பூர்வ ஜென்மத்தில்தான் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி முடிவு கட்டியபோது, நான் அந்தக் குறிப்பை வாங்கிப் படித்தேன்.

"அண்ணாச்சி, இந்த ஃபைல் ஓடறதுக்கு அனுமதி குடுக்கணுமாம். இதோ, இங்கே ஒரு டிக் போடணும்."

"நம்ம கடை, நம்ம கம்ப்யூட்டரு. இதுல ஓடுறதுக்கு இவனுக்கு ஆரு அனுமதி குடுக்கணும்?"

"நீங்கதான்."

"நானா?" அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அத மொதல்லயே சொல்லப்பிடாதா தங்கச்சி? மூணு தேங்கா போச்சே!"

அன்றிலிருந்து அந்த டிக் போடும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். வில்லேஜ் ஆபீசில் கையெழுத்துப் போடுகிறவருக்குக்கூட அந்த மிடுக்கு வராது.

இப்படிச் சேர்ந்து சேர்ந்து நாற்பத்தொன்று ஆயிற்று. கிம்ப் திறக்கும்போது ஒவ்வொரு ப்ளக்-இன்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆஜர் எடுக்கும். காலையில் அண்ணாச்சி ஐகானைத் தட்டிவிட்டு, படியிறங்கிப் பழவங்ஙாடி வரை நடந்து, கும்பிட்டு, ஒரு சாயா குடித்துத் திரும்பி வந்தால் அப்போதுதான் திறந்து முடிந்திருக்கும். "எல்லாரும் வந்தாச்சு, தொடங்கலாம்" என்பார், ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் சேர்ந்த மாதிரி.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று எழுத்தின் மேல் மாட்டுத் தோலின் கறுப்புப் புள்ளிகளைப் போடும். எந்த வெள்ளைக்காரன் எந்த வேண்டுதலுக்காக அதை எழுதினானோ! கரமனையில் ஒரு பால் கடைக்கு அதை அடித்துக் கொடுத்தார். கடைக்காரர் சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு வாரம் சம்பாரம் என்கிற நீர்மோர் கொடுத்தனுப்பினார். அந்தத் தைரியத்தில் அடுத்து வந்த பல் டாக்டருக்கும் அதையே போட்டார். வெள்ளை வெளேரென்ற எழுத்தில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. வைத்தியம் பார்க்கும் முன்னாலேயே போர்டில் சொத்தை விழுந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி இது, அநியாயம்!" என்றேன்.

"சொத்தப்பல்லு இருந்தாத்தானே தங்கச்சி டாக்டருக்க கிட்ட ஆளு வருவா?" என்றார்.

என் அப்பாவுக்கும் அண்ணாச்சிக்கும் தினம் ஒரு சண்டை உண்டு. எங்கள் வீடு பக்கத்திலேயே, ஸ்ரீவராகத்தில். அம்மா போன பிறகு நானும் அப்பாவும்தான். ரிட்டயரான மனுஷர். நான் மறந்துவிட்டுப் போகிற சாப்பாட்டு டப்பாவை மத்தியானம் தூக்கிக்கொண்டு வருவார். நான் வேண்டுமென்றே மறக்கிறேனோ என்றுகூட அவருக்குச் சந்தேகம். ஆனால் வராமல் இருக்க மாட்டார், அண்ணாச்சியைச் சீண்டாமல் போகவும் மாட்டார்.

"ஓய் அண்ணாச்சி, சூரியன் உம்ம கடைக்கு மட்டும் இடது பக்கம் மேலயே நின்னுண்டிருக்கானா? எல்லா நிழலும் வலது பக்கம் கீழயே விழறதே!"

"சாமி, நெழல் இல்லாத ஒரு சாதனத்தச் சொல்லுங்க பாப்போம்."

"தேவர்களுக்கு நிழல் கிடையாது ஓய். கால் தரையில படாது, நிழல் விழாது. தெரியுமா உமக்கு?"

அண்ணாச்சி விடவில்லை. "அப்போ தேவமாரு வந்து போர்டு கேட்டா நெழல் இல்லாம அடிச்சுக் குடுத்திருவோம். மனுசனுக்கு உண்டும்லா?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தீ விபத்து நடந்தது. சாலையில் ஒரு பெரிய வியாபாரி தவறிவிட்டார். திருவனந்தபுரத்தில் ஒருவர் போய்விட்டால் வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் படத்தோடு 'ஆதராஞ்சலிகள்' என்று போர்டு வைக்க வேண்டும். அவசர வேலை. அண்ணாச்சி பெரியவரின் பெயருக்குப் புதிதாக வந்த தீப்பிடிக்கிற ப்ளக்-இன்னைப் போட்டுவிட்டார். ஒவ்வொரு எழுத்தும் கொழுந்துவிட்டு எரிந்தது.

ஒரு மணி நேரத்தில் மூத்த மகன் படியேறி வந்தார். "எங்க அச்சன இன்னும் வீட்டுலேர்ந்து எடுக்கல. அதுக்குள்ள நீங்க இங்கயே கொளுத்திட்டீங்களே!"

அண்ணாச்சி கைகட்டி நின்றார். "பெரிய மனுசர்லா, ஒரு ஜோதி மாதிரி இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். யார் நம்புவார்கள்?

சார் அன்று ஆடித் தீர்த்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து மன்றாடியதால் தண்டனை பாதியானது.

"இனி ஒரு பராதி, ஒரே ஒரு பராதி வரட்டே! அந்த ஃபோல்டர் முழுவன் ஞான் அழிச்சிடும். அண்ணாச்சி லாமினேஷன் மெஷினில் போயி இருந்தால் மதி. மரண வேலை ஒண்ணும் இனி இவரு தொடண்டா."

அதாவது, இன்னொரு புகார் வந்தால் நாற்பத்தொன்றும் காலி, அண்ணாச்சியின் நாற்காலியும் காலி. அன்றிலிருந்து கறுப்புக் கரை போட்ட மரண வேலையெல்லாம் என்னிடம் வந்தது. அந்தத் தாள் மேஜைக்கு வரும்போதெல்லாம் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு நாள் சிரித்தார். பிறகு சொன்னார், "இதோ பாரு, நாளைக்கு நான் போனா என் பேரை அந்த மனுஷன் கையில மட்டும் குடுத்துடாதே. சிதைக்கு முன்னாடியே கொளுத்திடுவார்."

"என்ன பேச்சு இது!" என்று அதட்டினேன். ஆனால் அப்பா சத்தியம் வாங்காமல் விடவில்லை.

அடுத்த வருஷம் ஒரு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபடியே அப்பா போய்விட்டார்.

வீடு முழுக்க ஆட்கள். தெருச் சங்கத்துக் காரியதரிசி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார், "போர்டுக்கு ஒண்ணும் கவலைப்படாதேம்மா. உங்க கடையிலயே சொல்லியாச்சு."

சார், தன் மகள் வீட்டுக்குச் சென்னை போயிருந்தார். மரண வேலை செய்கிற நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கடையில் இருப்பது ஒரே ஓர் ஆள். அழுவதை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. தேங்காய் உடைக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடினால் அப்பாவின் பெயர் தகதகவென்று எரிந்தது. இல்லாவிட்டால் அதன்மேல் மாட்டுப்புள்ளி. எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர் பார்த்துச் சாருக்கு ஒரு வார்த்தை சொன்னால் அண்ணாச்சியின் பிழைப்பும் போய்விடும். அப்பாவுக்குச் செய்த சத்தியமும் போச்சு, அண்ணாச்சியும் போச்சு என்று அப்போது நான் அழுதது இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

ஆட்டோவில் போர்டு வந்தது. அண்ணாச்சியே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வராமல், கம்பத்தில் கட்டிவிட்டு எதிர்ச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். நான் ஜன்னல் வழியாக, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்.

வெள்ளைப் பலகை. அப்பாவின் படம். கீழே கறுப்பு எழுத்தில் அப்பாவின் பெயர். அவ்வளவுதான். தங்கம் இல்லை, கண்ணாடி இல்லை, நிழல்கூட இல்லை. அப்பா கையெழுத்துப் போட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

பதின்மூன்று நாள் காரியமும் முடிந்து நான் வேலைக்குப் போன காலையில் கடையில் அண்ணாச்சி மட்டும் இருந்தார். புகார் எதுவும் வரவில்லை, சார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றார். அவர் கம்ப்யூட்டரில் கிம்ப் ஐகானைத் தட்டினேன். தட்டிய மாத்திரத்தில் திறந்துவிட்டது. ஆஜர் இல்லை, பெயர் கூப்பிடல் இல்லை. பழவங்ஙாடி வரை போய்வரும் நேரம் பிடிக்கிற காரியத்துக்கு ஓர் இமைப்பொழுதுகூட ஆகவில்லை.

"என்ன அண்ணாச்சி இது? ப்ளக்-இன் எல்லாம் எங்கே?"

அவர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். "எல்லாத்தையும் எடுத்து ஒரு சிடில போட்டு வச்சிருக்கேன் தங்கச்சி. அன்னைக்கு சாமிக்க பேர அடிச்சதும் கை தானா நெழலுக்குப் போச்சு. அழிச்சேன். திரும்பவும் போச்சு. இந்தக் கை சும்மா இருக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அதான் நாப்பத்தொண்ணையும் ஒவ்வொரு ஃபோல்டராத் தேடித் தேடி வெளிய எடுத்தேன். நீ ஃபோன் அடிச்சது கேட்டுது. பாதியில எந்திரிச்சா எண்ணிக்க தப்பிரும்லா?"

சார் அழிப்பேன் என்று மிரட்டிய ஃபோல்டரை அவர் தன் கையாலேயே காலி செய்திருந்தார்.

"நிழல் மட்டுமாவது போட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன்.

"தேவமாருக்கு நெழல் கெடையாதுன்னு சாமிதானே சொன்னாரு" என்றார் அண்ணாச்சி.

அன்று நாங்கள் ஒரு வேலையும் பார்க்கவில்லை. நான் குறிப்புகளைப் படித்துச் சரியான ஃபோல்டரைச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாக வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, டிக் போட்டார். ராகு காலம் வந்தபோது நிறுத்தி, முடிந்ததும் தொடர்ந்தோம். நாற்பத்தோரு தேங்காயையும் இந்த முறை நான்தான் உடைத்தேன். தோள் வலி தீர ஒரு வாரம் ஆயிற்று.

கடை எப்போதோ மூடியாயிற்று. அண்ணாச்சி நாகர்கோவில் பக்கமே திரும்பிப் போய்விட்டார். இப்போது என் மேஜையில் இருப்பது புதுக் கம்ப்யூட்டர், தொட்டால் திறந்துகொள்கிறது. எல்லோரும் அதை மெச்சுகிறார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும், வரவேண்டிய ஆள் இன்னும் வந்து சேராத மாதிரியே இருக்கிறது.