ரெண்டு சொட்டு, இருபத்தொரு நாள்

ஒரு பேராசிரியையின் முகச் சுருக்கத்தைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே பேசியவள் நான். அதுவும் அவரிடம் பயிற்சிக்கு இடம் கேட்டு நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தபோது. நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம், உயிரியல். முதுமையடையும் உயிர்க்கலங்களை, அதாவது செல்களை, ஆராயும் ஒரு வெளிநாட்டு ஆய்வுகூடம், பட்டப்படிப்பு மாணவர்களை இரண்டு மாதப் பயிற்சிக்கு எடுப்பதாக அறிவிப்பு வந்தது. நம் உடம்பில் சில கலங்கள் வயதானதும் பிரிவதை நிறுத்திவிடும். ஆனால் சாகாது, சும்மாவும் இருக்காது. பக்கத்துக் கலங்களுக்கு ஓயாமல் தொந்தரவு கொடுக்கும். (வீட்டில் இதை விளக்கியபோது அம்மா, "நம்ம பெரிய மாமா மாதிரியா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக நான் பரீட்சையில்கூட எழுதியதில்லை.) ஒரு சாயம் போட்டால் அந்தக் கிழட்டுக் கலங்கள் நீலமாகும். படத்தில் பார்த்திருந்தேன்: முட்டை அப்பம் போல அகலமாக, தட்டையாக, நடுவே நீலம். அதை நுணுக்குக்காட்டியில் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஏங்கினேன். என்னோடு படித்தவர்கள் பையன்களுக்காக ஏங்கிய வயதில் எனக்கு இந்தக் கேடு.

அப்பா பலாபத்வலையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் கைட். பஸ்ஸில் வந்து இறங்கும் வெளிநாட்டவர்களுக்குக் கராம்பு, கறுவா, ஏலக்காய் எல்லாம் காட்டி, கடைசியில் ஓலைக் கொட்டகையில் உட்காரவைத்து இளமை எண்ணெய் தேய்ப்பார். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் பேச வேண்டும். பேச்சு முடிகிற இடத்தில் மற்றவர் போத்தலோடு பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறைகளில் பேச்சு என்னுடையது, போத்தல் அப்பாவுடையது. பத்து வயதிலேயே அந்த ஆங்கிலப் பேச்சு எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

நேர்முகம் இணையத்தில். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. தோட்டத்தில் கிடைக்கும் ஒரே இடம் அந்த எண்ணெய்க் கொட்டகைதான்.

"நீ தைரியமா பேசு புள்ள. ஒருத்தரயும் உள்ள விடமாட்டேன்" என்றார் அப்பா.

மாலை நாலு மணிக்குத் திரையில் பேராசிரியை வந்தார். நரைத்த தலை, அன்பான முகம். முதல் மூன்று கேள்விகளுக்கும் நான் நன்றாகவே பதில் சொன்னேன். அவர் தலையாட்டினார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. ஒரு பஸ் கூட்டம் கொட்டகைக்குள் ஓடிவந்தது.

"நனைய விட ஏலுமா புள்ள? நான் மெதுவாப் பேசுறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, அப்பா எனக்குப் பின்னால் தன் வேலையைத் தொடங்கினார்.

பேராசிரியை கேட்டார்: "வயதான கலங்களை அகற்றும் ஒரு மருந்தை உன்னிடம் தருகிறோம். முதல் வாரத்தில் என்ன செய்வாய்?"

பதில் தெரியும். வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல், மழையோடு மழையாக, அந்தப் பழைய பேச்சின் முதல் வரி. அவ்வளவுதான். பதினொரு வருடப் பழக்கம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு. இருபத்தொரு நாள். பக்கவிளைவு எதுவும் இல்லை, மேடம்" என்றேன், நல்ல ஆங்கிலத்தில். கை தானாகவே மணிக்கட்டைத் தேய்த்துக் காட்டியது. நிறுத்த வேண்டும் என்று மூளை கத்தியது. (வாய் எங்கே கேட்டது!) "உங்கள் கண்ணோரத்தில் கோடுகள் விழத் தொடங்கியிருக்கின்றன. கவலைப்படாதீர்கள், பத்து வயது குறையும்."

பேராசிரியை தன் கண்ணோரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "சரி, கொன்ட்ரோல் எங்கே? மருந்து படாத கலங்கள்? எதோடு ஒப்பிடுவாய்?"

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் அதைக் கேட்டார் என்று இப்போது புரிகிறது. ஆனால் என் பேச்சு முடிந்துவிட்டதைக் கேட்ட அப்பா, பழக்கதோஷத்தில், என் தோளுக்கு மேலே போத்தலை நீட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியத் திரைக்குள் வந்து நின்றார்.

பதில் மின்னஞ்சல் மரியாதையாக வந்தது. இடம் இல்லை. கறுவா காயவைக்கும் பக்கம் போய் அழுதேன். அப்பா தள்ளி நின்றே கேட்டார்:

"என்னாலதான் போச்சா புள்ள?"

"இல்லப்பா. என் வாயாலதான்."

அவர் நம்பவில்லை. இன்னும் நம்பவில்லை.

இப்போது நான் யட்டவத்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. கலங்கள் பாடம் வந்தால், பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, அந்த முட்டை அப்பத்தைக் கரும்பலகையில் வரைந்துவிடுவேன். எங்கள் பள்ளியில் முதலில் தீர்ந்துபோவது நீலச் சோக்குதான். நிஜத்தில் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பிரியாமல், சாகாமல், அந்தக் கலம் மாதிரியே உள்ளே கிடந்து தொந்தரவு கொடுக்கிறது.

வீட்டில் இது தீராத கேலி. தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று தம்பி எல்லோர் முன்னாலும், "அக்காவ மட்டும் பேச விடாதீங்க, எண்ணெய வித்துப்புடுவா" என்றான். மாப்பிள்ளை வீட்டாருக்கு முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பா வேலையை விட்டுவிட்டார். நடந்து நடந்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. போன மாதம் ஒரு மாலையில் அதே எண்ணெயை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது காலை மட்டும் நீட்டினார்.

"மத்த காலையும் குடுங்கப்பா."

"அது வேணாம். அத விட்டுடு." சிரிக்கவே இல்லை அவர். "அதுதான் கொன்ட்ரோல். இருபத்தொரு நாள் பாத்து எழுது புள்ள. எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பு."

இடது காலிலும் வலிதான். எனக்குத் தெரியும். இருந்தும் கொப்பியைத் திறந்து, முதலாம் நாள் என்று எழுதினேன்.