பன்னிரண்டாவது தும்மல்

"ஏங்க, நீங்க காலையில எத்தனை தும்மல் போடுவீங்க?"

மனைவி கையில் ஒரு பழுப்புக் காகிதத்தோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குக் கிளம்பிய சம்மட்டி ஒரு செருப்பை மாட்டி, மறு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான்.

"வர்றதைப் போடுறேன். எண்ணிக்கிட்டா போடுறாங்க?"

"உங்க தம்பி எண்ணியிருக்காரு. பதினொன்னு."

"அவனுக்கு வேற வேலை இல்லையா?"

"கோர்ட்டுல எழுதிக் கொடுத்திருக்காருங்க!"

சம்மட்டி மாட்டிய செருப்பையும் கழற்றினான். அவனுக்குப் படிக்க வராது. மனைவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இருபத்தாறு வருஷம் கல்குவாரியில் வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு அவன் காது பாதிக்கு மேல் போய்விட்டது. அதனால் அவள் கத்திப் படித்தாள். தெரு முழுக்கக் கேட்டது.

"'எதிர்மனுதாரர் தினமும் விடியற்காலையில் பதினொரு முறை உரக்கத் தும்முகிறார். பன்னிரண்டாவது தும்மல் வரும் என்று மனுதாரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அது வருவதே இல்லை. இதனால் மனுதாரருக்குத் தூக்கமும் மன நிம்மதியும் கெட்டு...'"

"பன்னெண்டாப் போட்டுட்டா விட்டுடுவானாமா?"

"இல்ல. தும்மலையே நிறுத்தணுமாம்."

சம்மட்டி சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம்தான் தம்பி வீடு. ஒரு காலத்தில் ஒரே வீடு. குவாரியில் அண்ணனைச் சம்மட்டி என்றும் தம்பியை உளி என்றும்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் ஓங்கி அடிப்பான், தம்பி உளியை அசையாமல் பிடிப்பான். ஒரு அடி தப்பினால் தம்பிக்கு மணிக்கட்டு இருக்காது. பதினாறு வருஷத்தில் ஒரு அடி தப்பவில்லை.

தப்பியது ஒரு பேச்சுதான். கல் அள்ளும் வண்டி ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. உட்கார்ந்து பார்க்கிற வேலை, தலைக்கு மேலே கூரை. "உன் தம்பிக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். சம்மட்டி சிரித்துக்கொண்டே, "அவனுக்கா? கோவத்துல வண்டியையே பள்ளத்துல எறக்கிடுவான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். சிரித்துவிட்டு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

அது நடந்து ஒன்பது வருஷம். தம்பி குவாரியின் கீழ்ப்பள்ளத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். வீட்டின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. அண்ணன் இந்தப் பக்கம் ஒரு வரிசை, தம்பி அந்தப் பக்கம் ஒரு வரிசை, இருவரும் பேசாமல் கொள்ளாமல் ஒரே வாரத்தில் கட்டியதால் அது இரட்டைச் சுவர். அந்தக் கனத்தையும் தாண்டிப் போனது தும்மல் ஒன்றுதான். மூக்குக்குள் ஏறிய கல்தூசி விடியற்காலைக் குளிரில் கிளம்பும்.

"சுவர் பத்தலை போல" என்றான் சம்மட்டி.

மறுநாள் விடியலில், வீட்டுக்குள் தும்மினால்தானே வழக்கு என்று எழுந்து தெருமுனைக்கு ஓடினான். தையல்காரர் ஜன்னல் ஓரத்தில் விட்டான் முதல் தும்மலை.

"யோவ்!" தையல்காரர் விரலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன்யா. ஊசி உள்ள போயிடுச்சு. உன் தம்பி சொன்னப்ப நான்கூட நம்பலை. சாட்சிக்கு என்னைக் கூப்பிடச் சொல்லு, வர்றேன்."

மீதிப் பத்தையும் சம்மட்டி துண்டுக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்பினான். இதுவரை வழக்கு மட்டும்தான் இருந்தது. இப்போது சாட்சியும் சேர்ந்துவிட்டது.

முதல் வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். அந்த வழியில் இருப்பதே ஒரு பஸ். அண்ணன் முன்படி, தம்பி பின்படி. நீதிமன்றத் தாழ்வாரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் தம்பி. நடுவில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

தம்பி சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. 'எப்படா நரைச்சுது?' என்று வாய் வரை வந்ததைச் சம்மட்டி விழுங்கிக்கொண்டான்.

டவாலி பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் நின்றார்கள். நீதிபதி மனுவைப் படித்தார். பாதியில் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காகிதம் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு இறக்கி, என்னவோ சொன்னார். தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது சம்மட்டிக்கு. அவர் வாய் அசைந்த இடத்தில் எல்லாம் தலையாட்டி வைத்தான். தம்பி குமாஸ்தாவிடம் போய் ஏதோ கேட்டான், அவர் ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் தம்பி தாழ்வாரத் தூணைப் பார்த்து உரக்கச் சொன்னான்:

"அடுத்த மாசம் எட்டாந்தேதி. மறுபடியும் வரணும்."

தூண் பதில் சொல்லவில்லை. சம்மட்டிதான் தூணைப் பார்த்துத் தலையாட்டினான்.

எட்டாந்தேதி போனபோது யாரும் பேர் கூப்பிடவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்ததுதான் மிச்சம். ஆனால் அன்றைக்குப் பெஞ்சில் கூட்டம். பக்கத்து வீட்டுக் கிளி தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறது என்று ஒரு அம்மாள் வந்திருந்தார். கிளியையும் கூண்டோடு கொண்டுவந்திருந்தார்கள். அது வாயே திறக்கவில்லை. "இங்க வந்தா மட்டும் ரொம்ப யோக்கியம்!" என்று அந்த அம்மாள்தான் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். மீசையில் ஒரு பக்கத்தைக் கூடுதலாக வெட்டிவிட்டார் என்று முடிதிருத்துபவர் மேல் வழக்குப் போட்டவர், மூன்று வருஷத்தில் மீசை சரியாக வளர்ந்துவிட்டதால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் வர வர, "கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க" என்று தள்ளித் தள்ளி, மதியத்துக்குள் அண்ணன் தொடையும் தம்பி தொடையும் ஒட்டிக்கொண்டன.

இருவரும் நகரவில்லை. நகர இடமும் இல்லை. மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்து இடம் கிடைத்தது. அப்போதும் நகரவில்லை.

சம்மட்டி தம்பியின் கையைப் பார்த்தான். கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்திருந்தது. கீழ்ப்பள்ளத்தில் உளியை யாருக்குப் பிடிக்கிறானோ, அந்த ஆளுக்கு அடி தப்புகிறது. அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தால் இந்த நகம் நன்றாக இருந்திருக்கும். 'அன்னிக்கு நான் விளையாட்டுக்குத்தான்டா சொன்னேன்.' ஒன்பது வருஷமாகச் செதுக்கிச் செதுக்கி வைத்திருக்கிற வாக்கியம். வாயைத் திறந்தான்.

"ஏம்ப்பா, மணி என்ன?" என்றார் மீசைக்காரர்.

வாக்கியம் உள்ளே போய்விட்டது.

நாலு மணிக்குத் தம்பி குமாஸ்தா அறைக்குள் போய்விட்டு வந்து தூணிடம் அடுத்த தேதியைச் சொன்னான். கோர்ட்டு என்றால் அப்படித்தான் இழுக்கும் என்று ஊரே சொல்கிறது. சம்மட்டிக்குச் சந்தேகமே வரவில்லை. மாறாக, தேதி தெரிந்த நிமிஷத்திலிருந்து நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த வாய்தாவில் தம்பி ஒரு ரொட்டியைப் பிட்டு, பாதியைக் காகிதத்தோடு பெஞ்சில் வைத்துவிட்டு, "எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு" என்றான் தூணிடம். சம்மட்டி தின்றான். அதற்கடுத்த வாய்தாவுக்கு இவன் பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோய் நடுவில் வைத்து, "ஆறிடப்போகுது" என்றான், அதே தூணிடம். தம்பி குடித்தான். அந்தத் தூணுக்கு இந்தக் குடும்பத்து விஷயம் எல்லாம் அத்துப்படி ஆகிக்கொண்டிருந்தது.

இது எதுவும் மனைவிக்குத் தெரியாது. புருஷனை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயந்துபோய், குவாரியில் மூக்கைச் சுற்றிக் கட்ட ஈரத்துணி நனைத்துக் கொடுத்தாள். பதினொன்று ஏழாகக் குறைந்தது. மறுநாளே அந்தப் பக்கத்து வாசலில் நின்று தம்பி தன் பெண்டாட்டியிடம் பேசுகிற சாக்கில் ஊரைக் கூட்டினான்.

"பதினொன்னுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்! ஏழு போட்டா என்னைப் பொய்யன்னுல்ல சொல்லுவாங்க? சாட்சியத்தை அழிக்கிறாங்க, தெரியுதா?"

"எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? அந்தப் பக்கம் போய்ச் சொல்லுங்க" என்றது பெண் குரல்.

"நான் எதுக்குப் போகணும்?"

மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏழுகூட வேண்டாம், ஒன்னுகூட இல்லாம ஆக்கிக் காட்டுறேன்" என்று மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிவந்தாள். அந்த மாத்திரை தும்மலையும் நிறுத்தியது, ஆளையும் அடித்துப் போட்டது.

மறுநாள் விடிந்தது. தும்மல் இல்லை. சுவரில் மூன்று தட்டு விழுந்தது. சம்மட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று தட்டு. பிறகு கதவு அதிர்ந்தது. தம்பி பெண்டாட்டி தலையைக்கூட முடியாமல் நின்றாள்.

"அக்கா, மாமா எழுந்துட்டாங்களா? ஒன்னும் இல்லையே?"

"தூங்குறாருடி. என்ன ஆச்சு?"

"இவரு வாசல்ல நின்னுக்கிட்டு, 'போய்ப் பாரு, போய்ப் பாரு'ன்னு என்னைப் பிடிச்சுத் தள்ளுறாரு. 'நீங்களே போங்க'ன்னா வரமாட்டேங்கிறாரு. சட்டைகூடப் போடலைக்கா."

சம்மட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். தம்பி இவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். உடனே மின்கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தும்மலை நம்பி எழுந்து வேலைக்குப் போறவன் நான். இன்னிக்கு லாரி போயிடுச்சு. இதையும் வாய்தாவுல சொல்லத்தான் போறேன்!"

குரல் தழுதழுத்திருந்தது. அரைச்செவிடனுக்கே அது கேட்டது.

உள்ளே வந்ததும் சம்மட்டி மாத்திரையை எடுத்துச் சாக்கடையில் கொட்டினான்.

"பைத்தியமா உங்களுக்கு?" மனைவி பதறினாள். "தும்மல் நின்னா கேஸும் முடிஞ்சிடும்ல?"

"அதான்டி."

"என்ன அதான்?"

"முடிஞ்சிடும்ல. அதான்."

அவள் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் காயப் போட்டாள். அதற்கப்புறம் அதை நனைக்கவில்லை.

ஆனால் போன தும்மல் திரும்பி வரவில்லை. மழை பிடித்துக்கொண்டு குவாரித் தூசி முழுக்க அடங்கிவிட்டது. மூக்கில் துணியைத் திரித்து விட்டுப் பார்த்தான், மிளகாய்ப் பொடியை மோந்து பார்த்தான். கண்ணில்தான் தண்ணீர் வந்தது. வேறு வழியில்லாமல், விடியலில் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு வாயாலேயே தும்ம ஆரம்பித்தான். குவாரியில் கல்லுடைக்கிற ஆள் கூத்தாடியாகிவிட்டதாக மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்து நாள் சரியாகத்தான் போயிற்று. ஆறாம் நாள், வாய்தாவுக்கு முந்தின நாள், அரைத் தூக்கத்தில் விரல் கணக்கு பிசகிவிட்டது.

"ஹாச்ச்!"

அந்தப் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி கூவியது இவனுக்கே கேட்டது: "என்னங்க, பன்னெண்டு!"

சம்மட்டி மறுபடியும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டாவது வரவில்லை என்பதுதானே வழக்கு? வந்துவிட்டதே! இனி எதை வைத்து நடத்துவார்கள்? நாளைக்கே முடித்து, கேஸ் கட்டைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். அப்புறம் அவனுக்கு அந்தப் பெஞ்சும் கிடையாது, அரை ரொட்டியும் கிடையாது. ஒன்பது வருஷத்து வாக்கியம் தொண்டையிலேயே கிடந்து மக்க வேண்டியதுதான்.

மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திராமல் இருட்டு பிரியும்போதே நடந்தான். தம்பி வருவதற்கு முன்னால் குமாஸ்தாவைப் பிடித்துவிட வேண்டும். நீதிமன்றக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்து, மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, கேஸை முடிச்சுடாதீங்க. பன்னெண்டு போட்டது என் தப்புதான். தெரியாமப் போட்டுட்டேன்."

"எதைய்யா பன்னெண்டு போட்டே?"

"தும்மல்யா."

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஓ! அந்தத் தும்மல் நீதானா?"

"நாந்தான்யா. இன்னும் ஒரு நாலு வாய்தா கொடுங்க, போதும். என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கு. பக்கத்துல உக்காந்தும் வாய் வரமாட்டேங்குது. இத்தனை நாள் வந்துட்டேன், இன்னும் நாலே நாலு. எப்படியும் சொல்லிடுவேன்."

குமாஸ்தா ஏதோ சொன்னார். சம்மட்டி காதில் கையைக் குவித்து முன்னால் குனிந்தான். அவர் எழுந்து நின்று, தாழ்வாரத்துக்கே கேட்கும்படி கத்தினார்:

"முதல் நாளே தள்ளுபடி ஆன கேஸுய்யா அது! உன் தம்பிதான் மாசாமாசம் வந்து, 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்துக்கறோம்'னு என்கிட்ட அனுமதி வாங்கிட்டுப் போறான்!"