செவ்வாய் பாணியில் ஒரு போன்

எங்கள் தீவின் துறைமுக ஊரில், ஹேடோ குவார்ட்டர்ஸ் மொத்தத்திலும் செவ்வாய் கிரகத்தோடு சம்பந்தம் வைத்திருந்த ஒரே ஆள் டிஷ்காரர்தான். தொழில், மாடிகளில் டிவி டிஷ் மாட்டுவது. பேச்செல்லாம் செவ்வாயைச் சுற்றும் விண்கலம்.

"அரே தம்பி, இந்தத் தட்டு ஒரு விரல்கடை திரும்பினாலே உன் சீரியல் போச்சு. அந்தக் கலம் கோடிக்கணக்கான மைல் தள்ளி இருந்து பூமியைக் குறி வெக்கணும், சமஜா, புரியுதா?" என்பார்.

டீ வேண்டுமா என்று கேட்டால் உடனே பதில் வராது. "அங்க ஒரு கேள்வி போய்ப் பதில் வர, சில நாள் அரை மணிக்கு மேல ஆகும். பூமியில கேட்டவன் பொறுக்கலையா?" என்பார். என் மனைவி கேட்பதையே விட்டுவிட்டாள்.

கிறுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்த மழைக்காலம் வரை.

என் மகள் செல்வி தீவின் வடகோடியில், மாயாபந்தரில் அத்தை வீட்டில் இருந்தாள். சென்னையில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. நாளை மறுநாள் எங்கள் ஊரிலிருந்து கிளம்ப வேண்டிய சென்னைக் கப்பல், திடீரென்று நாளைக்கே கிளம்புகிறது என்று அறிவித்துவிட்டார்கள். அவள் அங்கிருந்து காலை பத்து மணி பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் கப்பலும் போச்சு, சீட்டும் போச்சு. அப்போதே மணி ஒன்பது. மழையில் நெட்வொர்க் அரை நிமிடம் வரும், பத்து நிமிடம் போகும். மெசேஜ் நகரவே இல்லை.

ஒருவழியாக லைன் கிடைத்தது. "ஹலோ, செல்வி, கேக்குதா? நல்லாருக்கியா? சாப்டியா?" கட். மறுபடியும் அதே ஹலோ, அதே சாப்டியா, அதே கட்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிஷ்காரர் போனைப் பிடுங்கினார். "கலம் செவ்வாய்க்குப் பின்னால போனா பூமி தெரியாது. சேதியைச் சேத்து வெச்சு, பூமி தெரிஞ்சதும் நம்பர் போட்டு மொத்தமா அனுப்பும். சாப்டியான்னா கேட்டுக்கிட்டு நிக்கும்?"

அடுத்த லைனில் அவர்தான் கத்தினார். "சேதி மூணு! ஒண்ணு, கப்பல் நாளைக்கே. ரெண்டு, இன்னைக்குப் பத்து மணி பஸ்ல ஏறு. மூணு, சர்டிபிகேட்டை மறக்காத!" பிறகு பதிலுக்காகப் போனைக் காதில் அழுத்திக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். "சுப்!" என்று அடக்கினார்.

கரகரப்புக்கு நடுவே செல்வியின் குரல்: "ரெண்டாவது வரல, பெரியப்பா!" டிஷ்காரரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இன்னைக்குப் பத்து மணி பஸ்!"

"வந்துருச்சு!" கட்.

டிஷ்காரர் தரை அதிரக் குதித்தார். "விட்டுப்போனதை மட்டும் திருப்பிக் கேட்டா பாத்தியா! பூமியும் கலத்துக்கிட்ட இப்படித்தான் கேக்கும்!"

செல்வி வந்தாள், கப்பலேறினாள். கல்லூரியில் சேர்ந்ததும் முதல் போன் எனக்கு வரவில்லை, அவருக்குப் போனது. கொட்டும் மழையில் என் வாசலுக்கு ஓடிவந்தார்.

"சேந்துட்டா தம்பி..."

செவ்வாயைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இனிமே அவ உங்க பொண்ணு" என்றேன்.