குட்டியானை டப்பாவில் ஒரு வாட்டர் பம்ப்

"அந்தப் பம்பை பூபாலனுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

நைனா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. ரசம் விரலுக்கு மேல் ஏறியது. கொதிக்கிற ரசம். அதற்கும் எடுக்கவில்லை.

"எந்தப் பம்பு?"

"வூட்டுல எத்தினி பம்பு கீது? உங்க காருக்கு வாங்கினு வந்தீங்களே, அதான்."

"உன் தம்பிக்கு எதுக்கு அது?"

"அவன் வண்டியும் தண்ணி ஒழுவுதாம். கார்த்தால வந்தான். ரெண்டும் ஒரே மாடல்தானே, எடுத்துக்கினு போடான்னேன்."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"ஆயிரத்து எண்ணூறு ரூபா பொருளுக்கு உங்களை இன்னாத்த கேக்கறது? லோக்கல்தானே. நாளைக்கு இன்னொண்ணு வாங்கிக்கோங்க."

நைனா "ஆங்" என்றார். அதற்கு மேல் சொல்ல முடியாது. ஏனென்றால் அது லோக்கல் இல்லை. ஆயிரத்து எண்ணூறும் இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி, பதினோராயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய கம்பெனி ஒரிஜினல். இது நைனாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்பதும் நைனாவுக்குத் தெரியும்.

நான் அனிதா. பன்னிரண்டாவதோடு போதும் என்று நிறுத்திவிட்டேன். ஏன் என்று ஊரே கேட்டாகிவிட்டது, நீங்களும் கேட்க வேண்டாம். கதை என்னைப் பற்றி இல்லை.

எங்கள் ஊர் திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகை. கரும்பு போடுகிற குடும்பம். ஷெட்டுக்குள் ஒரு சிவப்பு கார் நிற்கும். ஷெட் யாருக்காகக் கட்டினோமோ அந்த டிராக்டர் மழையில் நிற்கும். காரின் கம்பெனி பெயர் வேண்டாம். இருபத்திரண்டு வயது வண்டி, என்னைவிட மூத்தது, இனிமேல் அதைச் செய்தவன் மேல் குறை சொல்வது நியாயம் இல்லை. பத்து செகண்டில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் என்பார் நைனா. எங்கள் ஊர் ரோட்டில் பத்து செகண்டுக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர். அதனால் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

பூபாலன் அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மாமா. பள்ளிப்பட்டில் பவர்லூம் வைத்திருக்கிறார். நைனா கார் வாங்கிய ஆறாவது வாரம் அவரும் அதே மாடல், அதே சிவப்பு வாங்கினார். அதிலிருந்து இரண்டு பேரும் எங்கே சந்தித்தாலும் ஒருத்தர் பானெட்டை ஒருத்தர் திறந்து பார்ப்பார்கள். நலம் விசாரிப்பது அப்புறம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மலைக்குக் கோயிலுக்குப் போனோம். பாதி மலையில், வளைவில், வண்டி புகை விட்டு நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் ஒழுகி, தண்ணீர் எல்லாம் போய், இன்ஜின் கொதித்துவிட்டது. அம்மா பட்டுப் புடவையோடு இறங்கித் தள்ளினாள். கீழேயிருந்து இன்னொரு சிவப்பு கார் வந்தது. மாமா கண்ணாடியை இறக்கி, "தள்ளட்டுமா பாவா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையை நைனா இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு அம்மா இரண்டு சட்டம் போட்டாள்.

"இனிமே இந்த வண்டிக்கு ரெண்டாயிரத்துக்கு மேல போட்டீங்க, காயலாங்கடைக்குத் தள்ளிடுவேன். இன்னொரு தபா என்னை ரோட்டுல நிக்க வெச்சீங்க, அப்பவும் தள்ளிடுவேன்."

நைனா நேராகத் திருத்தணி கரீமுல்லா பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். நானும் போனேன். எனக்கு வேறு வேலை இல்லை.

"லோக்கல் பம்புலயும் நல்லது கீதுண்ணா, இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் பாய். "நாலுல ஒண்ணு அஞ்சு வருஷம் ஓடும். மீதி மூணு அஞ்சு மாசம்."

"எது அந்த ஒண்ணு?"

"அத்த மாட்டி ஓட்டினாதான் தெரியும்."

"ஒரிஜினல் போட்டா?"

"போட்டுட்டு மறந்துடலாம். உங்க வண்டியில பம்பு டைமிங் பெல்ட்டுல சுத்துதுண்ணா. பம்பு இறுகினா பெல்ட்டு அறும். பெல்ட்டு அறுந்தா வால்வு வளையும். அப்புறம் இன்ஜினைக் கழட்டி வாசல்ல வெச்சிக்கினு மேல உக்காந்து பேப்பர் படிக்கலாம்."

யோசித்துப் பாருங்கள். லோக்கல் போட்டால் ரோட்டில் நிற்கும், காயலாங்கடை. ஒரிஜினல் போட்டால் ரெண்டாயிரத்தைத் தாண்டும், காயலாங்கடை. வேறு யாராவது என்றால் வீட்டில் போய்ப் பேசியிருப்பார்கள். நைனா திட்டம் போட்டார்.

திட்டம் இதுதான். ஒரிஜினலை வாங்கி, லோக்கல் டப்பாவில் போட்டு, அம்மாவிடம் காட்டிவிட்டு, வண்டியில் மாட்டிவிடுவது. பம்பின் மேல் பளபளவென்று ஒரு கம்பெனி ஸ்டிக்கர் இருந்தது. அதைத் தேங்காயெண்ணெய் போட்டு ஒரு மணி நேரம் சுரண்டினார். பதினோராயிரம் ரூபாய்ப் பொருளை ஆயிரத்து எண்ணூறு மாதிரி ஆக்க இவ்வளவு பாடுபட்ட ஆளை நான் பார்த்ததில்லை. பாய் கடை மூலையில் கிடந்த ஒரு காலி டப்பாவில் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"அனி, வாயத் தொறக்கக் கூடாது."

"கேக்கலன்னா சொல்ல மாட்டேன் நைனா. கேட்டா சொல்லிடுவேன்."

"உங்கம்மா எங்க கேக்கப் போறா. டப்பாவப் பாத்தா நம்பிடுவா."

நைனா டப்பாவுக்குள் பார்த்தார். டப்பாவுக்கு வெளியே பார்க்கவில்லை. மேலே பெரிசாக ஒரு குட்டியானை படம் போட்டிருந்தது. காட்டு யானை இல்லை, சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டி. எங்கள் தெருவுக்கு வெங்காயம் அதில்தான் வரும். அம்மாவுக்கு அந்த வண்டியின் மூஞ்சி நைனாவின் மூஞ்சியைவிட நல்லாத் தெரியும்.

டப்பாவைக் காட்டினார். "ஆயிரத்து எண்ணூறு" என்றார். அம்மா "சரி" என்றாள். நைனா விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

"ஏண்டி" என்றாள் அம்மா என்னிடம். "உங்க நைனா காரை வித்துட்டு வெங்காய யாவாரம் பண்ணப் போறாரா?"

"இல்லம்மா."

"அப்ப இது இன்னா பம்பு?"

கேட்டாள், சொன்னேன். விலையோடு.

அம்மா கத்தவில்லை. பம்பை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு விரலால் சுற்றிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"பொருளு நல்லாதான் கீது. நல்ல பொருளை வாங்கறதுக்கு எதுக்குடி திருட்டு முழி முழிக்கறாரு?"

பிறகு மாமாவுக்கு போன் போட்டாள். "டேய் பூபாலா. காலைல வந்து ஒரு பம்பு எடுத்துக்கினு போ. உங்க பாவா வந்து கேப்பாரு. அது ஒரிஜினல்னு அவர் வாயால சொன்னா உடனே குடுத்துடு."

"சொல்லலன்னா அக்கா?"

"சொல்லலன்னா உன் வண்டியில மாட்டிக்கோ."

நைனா என்னைக் கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

ரசத்தில் விரல் வெந்த மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் பள்ளிப்பட்டு போனோம். கார் பாய் கடையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. நைனாவின் மடியில் ஒரு புது டப்பா. நிஜமான லோக்கல் பம்ப். காலையில்தான் வாங்கினார்.

"இது எதுக்கு நைனா?"

"இத்தக் குடுத்துட்டு அத்த வாங்கினு வந்துடுவேன்."

"அது ஒரிஜினல்னு சொல்லிட்டுக் கேளு. மாமா குடுத்துடுவாரு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வா."

எனக்கு எல்லாமே தெரியும். அதுதான் என் கஷ்டம்.

மாமா வீட்டில் நாலு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பொய் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். குட்டியானை டப்பா நடு மேசையில் இருந்தது. மாமா டீ வாங்கி வைத்தார்.

"உங்கக்கா ஒரு பம்பு குடுத்தாளே, பூபாலா."

"ஆங், லோக்கல் பம்பு. சாயந்திரம் மாட்டலாம்னு கீறேன் பாவா."

"அத்த குடு. இத்த எடுத்துக்கோ."

"இது இன்னா?"

"இதுவும் லோக்கல்தான்."

"அதுவும் லோக்கல், இதுவும் லோக்கல். எதுக்கு மாத்தணும்?"

நைனா டீ குடித்தார். "கலரு வேற."

"இன்ஜினுக்கு உள்ள போற பொருளுக்கு இன்னா பாவா கலரு?"

"சரி, உன்கிட்ட சொல்லிடறேன்" என்று நைனா கிட்டே போனார். நானும் சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "அந்தப் பம்பு சரியில்ல. பேரிங் லூசு. மாட்டினா உன் இன்ஜின் போயிடும். உன் நல்லதுக்குதான் வாங்கினு போறேன்."

ஒரு மணி நேரம் எண்ணெய் போட்டுத் துடைத்த பம்பைப் பற்றி இப்படிச் சொன்னார்.

"அவ்ளோ மோசமா?"

"ரொம்ப மோசம்."

"அப்ப அத்த மாட்டிதான் எங்கக்காவ மலைக்கு ஏத்தப் பாத்தீங்களா?"

நைனா தண்ணீர் கேட்டார்.

"மோசமான பொருளை உங்ககிட்ட எப்படித் தர்றது பாவா. இங்கயே பழைய இரும்புக்குப் போட்டுடறேன்."

"போடாத" என்றார் நைனா. நாலு லூம் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

அப்போது மாமாவின் போன் அடித்தது. திரையில் "தமயந்தி அக்கா" என்று வந்தது. அம்மா. மாமா எழுந்து போய் லூமை ஒவ்வொன்றாக நிறுத்தினார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். திடீரென்று ஊரே அமைதியானது போல இருந்தது.

"இன்னாங்க, அங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"சும்மா, பூபாலனைப் பாக்கலாம்னு."

"போன ஞாயித்துக்கிழமதானே பாத்தீங்க. அந்தப் பம்பு வேணுமா உங்களுக்கு?"

"வேணும்னு இல்ல. இருந்தா நல்லாயிருக்கும்."

"எடுத்துக்கினு வாங்க. நான் இன்னா விலைன்னு கேக்க மாட்டேன். வண்டியக் காயலாங்கடைக்கும் போட மாட்டேன். அது லோக்கலா இன்னான்னு மட்டும் ஒரே ஒரு வார்த்த உங்க வாயால சொல்லிட்டு எடுத்துக்கினு வாங்க. வடை சுட்டு வெக்கறேன்."

இதற்கு மேல் ஒரு மனுஷி எவ்வளவு இறங்கி வருவாள்?

நைனா டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூடியைத் திறந்து பம்பை ஒரு தரம் தடவினார். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். இதை ஒப்புக்கொண்டால் போன வருஷம் வாங்கிய டயர் கதையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டயருக்கு முன்னால் ஒரு சைலன்சர் கதை இருக்கிறது.

நான் சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டினேன். மாமாவுக்கே பாவமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று முழிக்கிற பையனுக்கு டீச்சர் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாரே, அப்படி, "ஒ..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"ஒ..." என்றார் நைனா.

நானும் மாமாவும் முன்னால் சாய்ந்தோம்.

"ஒண்ணுமில்ல தமயந்தி, லோக்கல்தான்."