இரண்டு மணி நேர நடை

'இந்த வீட்டுக்குள் இனிக் கால்பந்து என்ற பேச்சே கிடையாது' என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வேறு வழியில்லை. காலிறுதியின் கடைசி நிமிடத்தில், மைதானத்தில் எவனோ உதைக்க வேண்டிய பந்தை இவர் இங்கிருந்தே உதைத்திருந்தார். காலில் பட்டது முக்காலி. அது பறந்துபோய்த் தொலைக்காட்சிக்குள் இறங்கியது. அந்த ஆட்டத்திலேயே அழகான கோல் அதுதான்.

சத்தியத்தின் சூடு ஆறுவதற்குள் அதிலிருந்த ஓட்டை அவர் கண்ணில் பட்டது. 'இந்த வீட்டுக்குள்' என்றுதானே சொன்னோம்? நகரத்தில் வீடுகள் மட்டுமா இருக்கின்றன? அவருடைய அணி பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் அரையிறுதிக்கு வந்திருக்கிறது. அடுத்த முறை வரும்போது தமக்குக் கண் தெரியுமா என்பது கண்ணாடி விற்கும் அவருக்கே ஐயம்.

மதுக்கூட வேட்டை தொடங்கியது. முதல் இடத்தில் பெரிய திரை இருந்தது. அதில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் இடத்தில் கால்பந்து ஓடியது, முந்தாநாள் ஆட்டம். மூன்றாவதில் நேரலைதான், ஆனால் திரைக்கு நேர்முன்னே ஒரு தூண். நான்காவது, சலவைக் கடைக்குப் பக்கத்துச் சின்னஞ்சிறு மதுக்கூடம். நேரலை உண்டு, தூண் இல்லை, ஜன்னலோர மேசை காலி. எலுமிச்சைச் சோடாவைத் தாண்டி எதையும் தொட்டறியாத மனிதர், அதன் வாசலில் கையெடுத்துக் கும்பிட்டார்.

மிஞ்சியது மனைவி. அவள் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர். கழிவறைக்குள் ஒளிந்திருப்பவனை வெளியே நின்று அவன் மூச்சைக் கேட்டே பிடிப்பவள்.

"டாக்டர் தினமும் ரெண்டு மணி நேரம் நடக்கச் சொல்லிட்டாரும்மா."

"எந்த டாக்டர்?"

"நம்ம கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்."

"கண்ணாடி போடறதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்துச் சொன்னாரா, போட்டதுக்கு அப்புறமா?"

"உடம்பு விஷயத்துல கிண்டல் பண்ணாதே."

"பண்ணல. தாராளமா நடங்க. இதைக் கட்டிக்கிட்டு நடங்க."

அவள் நீட்டியது, காலடி எண்ணும் கைக்கடிகாரம்.

அரையிறுதியன்று அதை மதுக்கூடத்தில் பரிமாறுபவரிடம் நீட்டினார். ஐம்பது வயது, ஊரே அவரை மீசை என்றுதான் அழைக்கும்.

"அண்ணே, ஆட்டம் முடியற வரைக்கும் இதை உங்க கையில கட்டிக்கோங்க. நீங்கதான் நடந்துக்கிட்டே இருப்பீங்க."

"திருட்டு வாட்சா?"

"சேச்சே, என் சம்சாரம் குடுத்தது."

"அது அதைவிட ஆபத்தாச்சே!" என்றபடி மீசை கட்டிக்கொண்டார்.

அணி வென்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்காரர் மணிக்கட்டைப் பெருமையோடு நீட்டினார். கடிகாரத்தின் கணக்கு முழுவதும் மனைவியின் கைப்பேசியில் கோடாக விரிந்தது. பயணச்சீட்டின்மேல் ஓடும் விரல் அதன்மேல் ஓடியது.

"நாலாயிரம் காலடி. பரவாயில்லையே! ஆனா முதல் முக்கால் மணி நேரம் அசையவே இல்லையே, ஏன்?"

"உடம்பு சூடேற வேண்டாமா?"

"அப்புறம் கால் மணி நேரத்துல மூவாயிரம் காலடி! நாய் துரத்திச்சா?"

"ஆமா! நாய்தான்! இவ்வளவு பெரிசு!"

"அதுக்கப்புறம் மறுபடியும் முக்கால் மணி நேரம் நின்ன இடத்துலயே..."

"களைச்சுப் போயிட்டேன்."

"நாயுமா?"

மீசையும் கால்பந்துப் பைத்தியம். பந்து உருளும்போது சிலையாக நிற்பார். இடைவேளையில்தான் அத்தனை மேசைக்கும் பறப்பார். திரையைத் தவிர வேறெதையும் பார்க்காத கண்ணாடிக்காரருக்கு இது இப்போதுதான் உறைத்தது.

"முக்கால், கால், முக்கால். உலகத்துலயே இப்படி நடக்கறது ஒண்ணே ஒண்ணுதாங்க. இறுதியாட்டம் என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை நாலு மணி" என்று வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நாலு மணிக்கு நானும் நடக்க வரேன். டாக்டர் சொல்லைத் தட்டலாமா?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடந்தார்கள். சலவைக் கடையைத் தலைகுனிந்து கடந்துவிடலாம் என்று பார்த்தார். பக்கத்து வாசலிலிருந்து மீசையின் குரல் பாய்ந்தது: "அண்ணே, உங்க மேசையைப் பிடிச்சு வெச்சிருக்கேன்!"

"பாவம், ஆசையாக் கூப்பிடறார்" என்றாள் மனைவி. "எனக்கும் ரயில்ல நின்னு நின்னு முட்டி வலி. நான் உட்கார்றேன். நீங்க இந்தக் கட்டடத்தையே சுத்திச் சுத்தி நடங்க. ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

அவர் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னல் மூன்று நொடி கிடைத்தது. அந்த மூன்று நொடியில் பந்து எப்போதும் மைதானத்துக்கு வெளியேதான் இருந்தது. பின்புறம் காலிப் புட்டிகளுக்கு நடுவே நடக்கும்போதுதான் கூரை அதிரக் கூச்சல் எழும். தலைதெறிக்க ஓடிவந்தால் திரையில் சோப்பு விளம்பரம். ஒரு முறை ஓடிவந்தபோது ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி மல்லாந்து கிடந்தது. மனைவி காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக வெளியே வந்தவளின் தொண்டை கட்டியிருந்தது, முகம் மின்னியது.

"யார் ஜெயிச்சா?" என்றார், மூச்சு வாங்க.

"என்னால பேச முடியல. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

அன்றைக்கு அவர் உண்மையாகவே வேகமாக நடந்தார். கதவைத் திறந்து உள்ளே தள்ளாத குறையாக அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார், விசிறினார்.

"இப்பச் சொல்லும்மா. யாரு?"

"என்னங்க இது! இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே கிடையாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கீங்களே!"