பிகானேர் மேடம்

“எறங்கும்மா. யாராவது பாக்கறதுக்குள்ள எறங்கிடு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் ஓங்கார் சைனி.

வேனின் ஜன்னலோர சீட்டில் மடியில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா கேசர்பாய். கையில் பூரி டப்பா. முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போகிற களை.

“காசிக்குத்தானே போற? வருஷக்கணக்கா மாசத்துக்கு ரெண்டு தடவை போயிட்டு வர்ற. ஊரார் வீட்டு அம்மாங்களையெல்லாம் கங்கையில முக்கி எடுக்கற. நானும் ஒருத்தி இருக்கேன்ல?”

“இது கம்பெனி வண்டிம்மா!”

“இந்த சீட்டு காலியா இருக்குன்னு நேத்து ராத்திரி நீதானே போன்ல சொல்லிட்டிருந்த?”

சொன்னது உண்மைதான். பிகானேரைச் சேர்ந்த புஷ்பா மகேஸ்வரி என்ற பணக்கார விதவை கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. ஆனால் ஊழியர்களின் சொந்தக்காரர்கள் வண்டியில் ஏறக்கூடாது என்பது முதலாளி சேட்ஜியின் கண்டிப்பான உத்தரவு. அது பாதி காரணம். மீதிப் பாதியை ஓங்கார் வாய்விட்டுச் சொன்னதில்லை. தன் முன்னோர்கள் அரண்மனையில் வரலாறு எழுதியவர்கள் என்று வழிகாட்டியாகக் கூட்டிப்போகும் ஒவ்வொரு சுற்றுலாக் குழுவிடமும் சொல்லி வருகிறவன் அவன். அம்மாவோ ஜெய்ப்பூர் கோவில் வாசலில் சாமந்தி மாலை கட்டி விற்கிறவள். விரல் நுனியெல்லாம் மஞ்சள் கறை.

அதற்குள் பயணிகள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் வந்தவர்கள் நாக்பூரைச் சேர்ந்த பர்வே தம்பதி. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் கணவர். மனைவி ஸ்ரீலதா யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற ரகம்.

“இவங்க யாரு சைனி?” என்றார் பர்வே.

ஓங்காருக்கு நாக்கு முந்திக்கொண்டது. “புஷ்பா மேடம். பிகானேர். பெரிய இடம்.”

கேசர்பாய் மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு, பெரிய இடத்துக்குத் தக்கபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டிரைவர் சத்தார் கண்ணாடியில் ஓங்காரைப் பார்த்தான். “பாய், இது எங்க போய் முடியும்?”

“காசியில முடியும். நீ ஓட்டு.”

முதல் சிக்கல் ஆமேர் கோட்டையிலேயே வந்தது. மான்சிங் ராஜாவின் படையெடுப்பை ஓங்கார் கை கால் ஆட்டி வர்ணித்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

“தொண்டை கட்டிக்கப் போகுதுடா. தண்ணியைக் குடி.”

எல்லோரும் திரும்பினார்கள். ஓங்கார் சிரித்துச் சமாளித்தான். “மேடத்துக்குப் பிள்ளைங்க இல்லை. அதனால பாக்கறவங்களையெல்லாம் பிள்ளை மாதிரி அதட்டுவாங்க.”

கேசர்பாய் கோட்டைப் படிகளில் ஸ்ரீலதாவோடு மெதுவாக இறங்கி வந்தாள். இருவரும் ஒரு நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அம்மா எதையாவது உளறிவிடுவாளோ என்று ஓங்கார் பதறினான். ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்ரீலதாவின் கண் கலங்கியிருந்தது.

“என்னாச்சு மேடம்?”

“ஒண்ணுமில்லை. பாவம், எல்லாம் சொன்னாங்க,” என்றார் ஸ்ரீலதா.

பிள்ளை இல்லாத குறையைச் சொல்லி அழுதிருக்கிறாள், நடிப்பு நன்றாகத்தான் வருகிறது என்று ஓங்கார் நிம்மதியடைந்தான். அன்று சாயங்காலம் ஓட்டல் வராந்தாவில் அம்மா அவனை மடக்கினாள்.

“உன்னைப் பெத்ததுக்கு ஒருநாள் முழுக்க உசிருக்குப் போராடினேன். நான் மலடியாடா?”

“கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. காசி வரைக்கும்தான்.”

“சரிங்க சார்,” என்றாள் அம்மா.

மறுநாள் காலை ஓட்டல் மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். மேடம் தன் அறையின் படுக்கை விரிப்பு, துண்டு, ஜன்னல் திரை எல்லாவற்றையும் துவைத்து மாடிக் கைப்பிடியில் வரிசையாக உலர்த்தியிருந்தாள். ஓட்டல் முகப்பு சலவைத்துறை மாதிரி இருந்தது. சாப்பிட வந்த பயணிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“படுத்த துணியை அப்படியே போட்டுட்டுப் போறதா? நல்லாவா இருக்கு?” என்றாள் கேசர்பாய்.

ஓங்கார் இதற்கும் ஒரு கதை கட்டினான். “மேடம் ஒரு விரதத்துல இருக்காங்க. தன் வேலையைத் தானே செய்யணும். அவ்வளவு சொத்து இருந்தும் பாருங்க, என்ன எளிமை!”

அதில்தான் வந்தது வினை. பர்வே கை கூப்பினார். “அப்படிப்பட்டவங்க கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கணும்.” ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் பர்வே திரும்பினார். “சைனி, நீங்க?”

“நான் எதுக்கு சார், வேலையில இருக்கேன்...”

“பரவாயில்லை. விழுங்க.”

அம்மா காலைத் தொட்டு எத்தனை தீபாவளி ஆகிறது என்று அவனுக்கே நினைவில்லை. குனிந்து செருப்பின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் எழுந்தான்.

“நல்லா இருங்க சார்,” என்றாள் கேசர்பாய். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். நெற்றியில் வியர்வை தெரிகிறதோ என்று துடைத்துக்கொண்டான்.

ரண்தம்போரில் இன்னொரு கண்டம். காட்டுக்குள் போக ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாசலில் காவலர் பார்ப்பார். புஷ்பா மகேஸ்வரி என்ற அட்டைக்கு எங்கே போவது?

“மேடத்துக்குத் தலைசுத்தல். இங்கேயே இருக்கட்டும்,” என்றான் ஓங்கார்.

“எனக்கு ஒண்ணும் இல்லையே,” என்றாள் கேசர்பாய்.

“இருக்கு மேடம். இருக்கு.”

திறந்த வண்டியில் எல்லோரும் காட்டுக்குள் போனார்கள். பர்வே மட்டும் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே டீக்கடைப் பெஞ்சில், மூட்டையை அணைத்தபடி, கேசர்பாய் சின்னதாகத் தெரிந்தாள்.

புலி கண்ணில் படவே இல்லை. மயில், மான், ஒரு முதலை. அதுவும் தூங்கிக்கொண்டிருந்த முதலை. ‘கட்டாயம் புலி காட்டுவேன்’ என்று ஜெய்ப்பூரிலிருந்தே வாக்குக் கொடுத்திருந்த ஓங்கார், ஒரு பாதத்தடத்தைக் காட்டி அரைமணி நேரத்தை ஓட்டினான். திரும்பி வந்தால் வாசலில் ஒரே கூட்டம். டீக்கடைக்காரர் உடம்பு நடுங்க விவரித்துக்கொண்டிருந்தார். விநாயகர் கோவில் பாதையைத் தாண்டி ஒரு புலி, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே போயிருக்கிறது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். மேடம் மட்டும் அசையவில்லை.

“ஓடலையா நீங்க?” என்றார் ஸ்ரீலதா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

“எங்க ஓடறது? இவர் இங்கேயே இருக்கச் சொல்லிட்டுப் போனாரே,” என்று ஓங்காரைக் காட்டினாள் கேசர்பாய். “அது என்னைப் பார்த்துச்சு. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடுச்சு. எனக்கு அது பழக்கம்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. தன்மேல் புகார் வரப்போகிறது என்று ஓங்காருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பர்வே செல்போனை எடுத்துக்கொண்டு தனியே நடந்து போனதைப் பார்த்ததும் பயம் இரட்டிப்பானது.

பயந்தது சரிதான். ஆக்ராவில் இருக்கும்போது சேட்ஜியிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஓங்கார், புஷ்பா அம்மா வரலைன்னு சொல்லிட்டாங்களே. அந்த சீட்டுல யாரோ ஒரு அம்மா இருக்காங்களாம். யாருப்பா?”

“அது... தெரியலை சேட்ஜி. கூட்டத்தோட கூட்டமா ஏறியிருக்காங்க போல.”

“தெரிஞ்சவங்கன்னா சொல்லு. தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

இதெல்லாம் வாயைக் கிளறுகிற தந்திரம் என்று ஓங்காருக்குத் தெரியாதா? “சத்தியமாத் தெரியாது சேட்ஜி.”

“சரி, நான் பனாரஸ் வர்றேன். நேர்ல பேசிக்கலாம்.”

அன்று தாஜ்மஹால் முன்னால் அவன் குரல் சுரத்தில்லாமல் வந்தது. மனைவிக்காக ஒரு சக்கரவர்த்தி கட்டியது, உலகத்திலேயே இப்படி ஒரு காதல் கிடையாது என்று ஒப்பித்தான்.

“பெத்தவளுக்கு யாராவது ஏதாவது கட்டியிருக்காங்களா சார்?” என்று கேட்டாள் கேசர்பாய்.

“அது... வரலாற்றுல தெரியலை மேடம்.”

“உங்களுக்குத் தெரியலைன்னா இருக்காது,” என்றாள் அவள். பர்வே பெரிதாக இருமினார்.

பனாரஸ் போகும் வழியெல்லாம் ஓங்கார் கணக்குப் போட்டான். அம்மாவை முன்னாலேயே இறக்கிவிடலாமா? சாப்பிட நிறுத்திய இடத்தில் சொல்லியும் பார்த்தான். “அம்மா, நீ பஸ் பிடிச்சு வந்துடறியா?” அதைக் கேட்டுக்கொண்டே வந்த ஸ்ரீலதா, “மேடம் எங்களோடதான் வருவாங்க,” என்று அவளை இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அம்மாவைத் தனியாகப் பிடிக்கவே முடியவில்லை.

பனாரஸில் வண்டி நின்ற இடத்திலேயே சேட்ஜி காத்திருந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் ஒரு பை. விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கங்கைக்குப் போகிற சந்திலிருந்து மணியோசையும் பால் காய்ச்சும் வாசனையும் வந்தன. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி அரைவட்டமாக நின்றார்கள். கேசர்பாய் கடைசியாக இறங்கினாள்.

சேட்ஜி அவளுக்குக் கை கூப்பினார். பிறகு ஓங்காரிடம் திரும்பினார்.

“இவங்க யாரு ஓங்கார்?”

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். வேலை, வீட்டு வாடகை, அரண்மனையில் வரலாறு எழுதிய முன்னோர்கள் எல்லாம் அவன் தலைக்குள் ஒரே நேரத்தில் சுழன்றன.

“எனக்குத் தெரியாது சேட்ஜி. யாரோ ஒரு பொம்பளை. ஏமாத்தி ஏறியிருக்கு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.”

ஸ்ரீலதா வாயைப் பொத்திக்கொண்டார். பர்வே தரையைப் பார்த்தார்.

கேசர்பாய்தான் பேசினாள். “ஆமாங்க முதலாளி. இவரை எனக்கும் தெரியாது. ஊரு பார்க்கிற ஆசையில ஏறிட்டேன். இவர் மேல தப்பே இல்லை. நல்ல பிள்ளை, நல்லா விளக்கிச் சொன்னாரு.” மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். சந்துக்குள் இறங்கிக் கங்கையைப் பார்த்து நடந்தாள். ஸ்ரீலதா செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் அவள் பின்னால் ஓடினார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் போனார்கள். சேட்ஜி கடைசியாக, அவனைத் திரும்பிப் பார்க்காமலே போனார்.

ஓங்கார் நெடுமூச்சு விட்டான். வண்டியில் சாய்ந்துகொண்டு சத்தாரைப் பார்த்துச் சிரித்தான்.

“தப்பிச்சோம்டா! கிழவி என்னமா சமாளிச்சுது பார்த்தியா? இவங்க குளிச்சு முடிக்கட்டும். அம்மாவைத் தேடிப் பிடிச்சு ரயில் ஏத்திவிட்டுடறேன். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரலை.”

சத்தார் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தான்.

“பாய், அவங்க உன் அம்மான்னு ஆமேர்லயே எல்லாருக்கும் தெரியும். ரண்தம்போர்ல அவங்களை வாசல்ல விட்டுட்டுப் போனியே, அன்னிக்கே பர்வே சார் சேட்ஜிக்கும் சொல்லிட்டாரு. நீ ஒரு தடவை ‘எங்கம்மா’ன்னு சொன்னா அவங்களுக்குப் போர்த்தணும்னுதான் சேட்ஜி அந்தப் பையில சால்வை வாங்கிட்டு வந்து நின்னாரு.”