பட்டியலில் இன்னொருவர்

"கழற்றுடா, சீக்கிரம்!"

கழிப்பறைக் கதவை முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ட்ரெவர் ஆக்ராய்ட் பல்லைக் கடித்தார். எதிரே பதினாறு வயது கீரன் ஸ்டாதர்ஸ், ஒன்றாம் நம்பர் சட்டை தலையில் பாதி சிக்க, இரண்டு கைகளையும் உயர்த்தி, சரணடைந்த சிப்பாய் மாதிரி நின்றான். பக்கத்தில் வில்ஃப் பூத்ராய்ட், கழற்றிய பதினோராம் நம்பர் சட்டையோடு காத்திருந்தான். எடை நூற்றைந்து கிலோ.

"கோச், அவன் சட்டை எனக்குப் பத்தாது" என்றான் வில்ஃப்.

"மூச்சை இழுத்துக்க."

"எண்பது நிமிஷமுமா?"

வெளியே நடுவர் விசில் ஊதினார். மழை தகரக் கூரையில் சடசடத்தது.

ட்ரெவர், கிரெய்க்லி ரக்பி லீக் கிளப்பின் இளைஞர் பிரிவுக்கு ஒன்பது வருடமாகத் தலைமைப் பயிற்சியாளர். பத்தாவது வருடம் உண்டா இல்லையா என்பது இன்று மாலை ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும். கிளப் தலைவர் கார்ட்ரைட் காலையில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "அஞ்சு மணிக்குள்ள உருப்படியான ஒரு பையனோட ஒப்பந்தம் என் மேஜைக்கு வரணும். இல்லைன்னா திங்கட்கிழமை உன் பிரிவை மூடிட்டு, உன் அறையில கிளப் கடைக்கு விற்கிற தொப்பி, ஸ்கார்ஃப் எல்லாம் அடுக்கிடுவேன்."

அந்த உருப்படியான பையன்தான் கீரன். கடற்கரைப் பக்கத்துப் பையன். பந்தைக் கையில் வாங்கினால் அவனுக்கு மட்டும் மைதானம் அகலமாகிவிடும். ஒப்பந்தத் தாளில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்பா கையெழுத்துதான் பாக்கி. அவர் கடல் காற்றாலைகளைப் பராமரிக்கும் கப்பலில் வேலை செய்கிறார். மூன்று வாரம் கடல், ஒரு வாரம் வீடு. ட்ரெவர் அவரைப் பார்த்ததே இல்லை. கப்பல் இன்று இரண்டு மணிக்கு ஹல் துறைமுகத்துக்கு வருகிறது. இடைவேளையில் காரை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அங்கே. கையெழுத்தை வாங்கினால் நாலரைக்கு இங்கே. கச்சிதமான திட்டம்.

அதுவரை பையன் வேறு யார் கண்ணிலும் படக் கூடாது. அதற்கும் வழி இருந்தது. சோதனைக்கு வந்த ஆட்டக்காரனின் பெயரை அணிப் பட்டியலில் போடாமல் 'இன்னொருவர்' என்று அச்சடிப்பது அந்த ஊர்க் கிளப்புகளில் தாத்தா காலத்துப் பழக்கம். ட்ரெவரும் அப்படியே அடித்திருந்தார். "1: இன்னொருவர்."

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் அந்த ஆள் வந்தார். தட்டைத் தொப்பி. கையில் நோட்டு. உடம்பில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்ட கனத்த மழைக் கோட்டு, மார்பில் ஹோல்டன் கிளப்பின் முத்திரை.

ஹோல்டன்! பக்கத்து ஊர்ப் பகையாளிகள். மூன்று வருடத்தில் ட்ரெவரின் நான்கு பையன்களைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்.

பட்டியலைப் பார்த்தால் அந்த ஆளின் கண் ஒன்றாம் நம்பர் மேல்தான் போகும். அதனால்தான் இந்தக் கழிப்பறை.

"கீரன், நல்லாக் கேட்டுக்கோ. மைதான ஓரத்துல தொப்பி போட்ட ஆள் நிப்பார். அந்தப் பக்கம் திரும்பக் கூடாது."

"கோச், ஒண்ணு சொல்லணும்…"

"ஆட்டம் முடிஞ்சு சொல்லு. ஓடு!"

இருவரும் ஓடினார்கள். வாசலைத் தாண்டும்போதே வில்ஃபின் முதுகில் ஒன்றாம் நம்பர் டர்ரென்று நேர் பாதியாகக் கிழிந்தது.

ட்ரெவர் ஒன்றை மறந்துவிட்டார். ஒலிபெருக்கியில் ஹெட்லி. வயது எழுபத்தெட்டு. ஐம்பது வருடமாக ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அறிவிப்பவர். தப்பான தகவல் காதில் போனால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

"பெரியோர்களே, ஒரு திருத்தம்" என்று கரகரத்தது ஒலிபெருக்கி. "ஒன்றாம் நம்பர் சட்டையில் இருப்பது வில்ஃப் பூத்ராய்ட், சட்டையில் முழுதாக இல்லை. பட்டியலில் 'இன்னொருவர்' என்று உள்ளவர் இப்போது பதினோராம் நம்பரில் ஆடுகிறார். காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை."

ஆட்டம் பார்க்க வந்திருந்த நாற்பது தலைகளும் பதினோராம் நம்பரைத் தேடித் திரும்பின. தொப்பிக்காரர் நோட்டில் எதையோ எழுதினார்.

 கீரன் முதல் பந்தை வாங்கினான். இரண்டு பேரை இடது பக்கம் போகவிட்டு, தான் வலது பக்கம் போய், முப்பது மீட்டர் ஓடிவிட்டுத்தான் விழுந்தான். கூட்டம் "ஓ" என்றது. நோட்டில் பேனா ஓடியது.

இப்படியே விட்டால் மாலைக்குள் பையன் ஹோல்டன் பேருந்தில் இருப்பான். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ட்ரெவரே மைதானத்துக்குள் ஓடினார்.

"கீரன், மோசமா ஆடு."

"என்னது?"

"அடுத்த ரெண்டு பந்தைக் கீழே போடு. தடுமாறு. விழு. இது என் உத்தரவு."

பையன் முகம் வெளுத்தது. "அவர் முன்னாடியா? மானம் போயிடும் கோச்!"

ட்ரெவருக்குப் பொறி தட்டியது. "யார் முன்னாடி? அந்தத் தொப்பிக்காரரை உனக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் கோச், அவர்…"

விசில். பந்து பறந்தது. பையன் ஓடினான்.

ட்ரெவர் கையில் பாட்டில் தானாக நசுங்கியது. போச்சு. ஹோல்டன்காரன் ஏற்கெனவே வீடு வரை போய் வந்திருக்கிறான். பையன் அவனிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கிறான்!

கீரன் உத்தரவை மதித்தான். பந்தைக் கீழே போட்டான். மறுபடியும் போட்டான். மூன்றாவது முறை போட்ட பந்தை எதிரணியின் ஓர ஆட்டக்காரன் அள்ளிக்கொண்டு காலியான மைதானத்தில் பாய்ந்தான். அதைக் கண்டதும் கீரனுக்குள் உத்தரவு ஒரு பக்கம் போக, கால்கள் வேறு பக்கம் போயின. அறுபது மீட்டர் துரத்தினான். புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் அவனை இடுப்போடு கட்டித் தூக்கி, ஓர விளம்பரப் பலகையைத் தாண்டி வெளியே கொண்டுபோய் வைத்தான்.

"பதினோராம் நம்பர்!" என்று அலறினார் ஹெட்லி. "அதாவது இன்னொருவர்!"

தொப்பிக்காரர் பக்கத்தைப் புரட்டி எழுதினார். ஒரு பக்கம் போதவில்லை.

இனி நேரடித் தாக்குதல்தான் என்று முடிவு செய்தார் ட்ரெவர். தேநீர்க் கடை ஜன்னலுக்கு ஓடினார்.

"ஜாய்ஸ், ஒரு டீ. ஒரு கிண்ணம் மசிச்ச பட்டாணி. புதினா சாஸ் தாராளமா."

"உனக்கா கண்ணு? முகமெல்லாம் பட்டாணி நிறத்துலதான் இருக்கு" என்றாள் ஜாய்ஸ்.

"எனக்கில்லை. எதிரிக்கு."

தொப்பிக்காரர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். கைகள் முரடாக, உப்பேறி வெடித்திருந்தன. பக்கத்தில் நின்று ட்ரெவர் சாதாரணமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அதோ, சட்டை கிழிஞ்ச பையன் வில்ஃப். எங்க வைரம். அவன்மேலதான் எல்லாருக்கும் கண்ணு."

வில்ஃப் அந்த நேரத்தில் சேற்றில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

"அப்படியா" என்றார் தொப்பிக்காரர். "அந்தப் பதினொண்ணு?"

"அவனா? ஐயோ, விடுங்க. கையில சோப்புத் தடவினவன் மாதிரி. பந்து இடது தோளுக்கு வந்தா கண்ணை மூடிக்கிறான்."

"மூடிக்கிறானா?"

"கவனிச்சுப் பாருங்க. சின்ன வயசுல அந்தப் பக்கம் எங்கேயோ அடி பட்டிருக்கணும். ஆளைப் பிடிச்சுச் சாய்க்க டாக்கிள் பண்ணும்போது நிமிர்ந்து நிக்கிறான், இன்னும் ரெண்டு வருஷத்துல பெரிய ஆளுங்க வந்து இடிச்சா கழுத்து போயிடும்."

ட்ரெவருக்கு ஒரு வியாதி. குறையைச் சொல்லத் தொடங்கினால் மருந்தையும் சொல்லாமல் வாய் நிற்காது. ஒன்பது வருடப் பழக்கம்.

"தினமும் காலையில அரை மணி நேரம் இடது பக்கமா மட்டும் ஐம்பது பந்து போடணும். முதல்ல டென்னிஸ் பந்து, அப்புறம் பெரிய பந்து. இடுப்பை இறக்க மல்யுத்தக்காரர் ஒருத்தர்கிட்ட அனுப்பணும். இருபது வயசு வரைக்கும் பெரிய அணிக்கு அனுப்பவே கூடாது, உடம்பு முத்தணும். அவசரப்பட்டா உடைச்சிடுவாங்க. படிப்பையும் விடக் கூடாது. இந்த ஆட்டம் பாதிப் பேருக்கு இருபத்தஞ்சு வயசுல முடிஞ்சுபோகுது…"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதனால அவன் வேண்டாம். தண்டம். அதோட பயந்தாங்கொள்ளி."

அவர் வாய் மூடுவதற்குள் கீரன் தன்னைவிட இரு மடங்கு பெரிய ஒருவனை மார்போடு மோதிச் சேற்றில் சாய்த்தான். சேறு தெறித்துப் பட்டாணிக் கிண்ணத்தில் விழுந்தது.

"பயந்தாங்கொள்ளி" என்றார் தொப்பிக்காரர், சேற்றைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே.

இடைவேளை விசில். ட்ரெவர் காருக்குப் பறந்தார். இனி ஹல்தான் ஒரே வழி.

காருக்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளி விட்டு, ஒரு வெள்ளை வேன் குறுக்கே நின்றது.

"ஹெட்லி! அந்த வேனை எடுக்கச் சொல்லு!"

ஒலிபெருக்கி முழங்கியது. தேநீர்க் கடை அருகே தொப்பிக்காரர் நிதானமாகக் கையை உயர்த்தினார்.

"என்னோடதுதான். சேத்துல பின் சக்கரம் ரெண்டும் புதைஞ்சுடுச்சு. ஆட்டம் முடிஞ்சதும் பசங்க தள்ளுவாங்க, எடுத்துடறேன்."

ட்ரெவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவனை இங்கே நிறுத்தித் தன் காரை அடைத்துவிட்டு, இன்னொருவனைத் துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்! கப்பல் கம்பெனிக்கு போன் போட்டார்.

"ஸ்டாதர்ஸா?" என்றது ஒரு பெண் குரல். "கப்பல் விடியற்காலையே வந்துடுச்சே. வீட்டுல இருந்து போன் வந்ததுன்னு அவசரமா இறங்கிப் போயிட்டார்."

"எங்கே போனார்?"

"ரக்பி ஒப்பந்த விஷயம்னு சொன்னார். சந்தோஷமாத்தான் போனார்."

ட்ரெவர் ஈரமான சுவரில் சாய்ந்தார். எல்லாம் முடிந்தது. இந்நேரம் ஹோல்டன் தலைவர் எதிரில் உட்கார்ந்து அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாம் பாதியை ட்ரெவர் பார்க்கவில்லை. தன் அறையில் உட்கார்ந்து, ஒன்பது வருடத்து அணிப் படங்களைச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். மேஜைமேல் ஒப்பந்தத் தாள் கிடந்தது. அம்மாவின் கையெழுத்து. அதன் கீழே காலிக் கோடு. வெளியே ஹெட்லி மூன்று முறை "இன்னொருவர்" என்று கத்தியது கேட்டது. மூன்று முறையும் கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. மணி மூன்று ஐம்பது. நான்கு பத்து. நான்கு முப்பது.

கதவு தட்டப்பட்டது. தொப்பிக்காரர். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஜெயிச்சுட்டீங்க" என்றார் ட்ரெவர், நிமிராமல். "பையனைக் கூட்டிட்டுப் போங்க. ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இடது தோளைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. உங்க கிளப்புல அவசரப்படுவாங்க."

"எங்க கிளப்பா?"

"ஹோல்டன்."

தொப்பிக்காரர் தன் மார்பைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓ, இதுவா? அவங்க போன மாசம் வீட்டுக்கு வந்தப்போ பரிசாக் குடுத்தது. நல்லா மழை தாங்குது. அவங்க பையனைத் தங்கம்னாங்க. அடுத்து வந்தவங்க வைரம்னாங்க. மூணாவதா வந்தவங்க, பதினெட்டு வயசுல நாட்டுக்கே ஆடுவான்னு சொல்லி ஒரு பெரிய டிவி வச்சுட்டுப் போனாங்க. மூணு பேரும் குறைன்னு ஒண்ணுகூடச் சொல்லலை. அதனாலதான் இன்னைக்கு யாருன்னு சொல்லாம வந்து ஓரமா நின்னேன்."

ட்ரெவர் மெதுவாகத் தலையை உயர்த்தினார்.

"ஆறு வயசுல படகுத் துடுப்பு பட்டது, இடது கண்ணோரத்துல. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எது வந்தாலும் கண்ணை மூடுவான்" என்றார் தொப்பிக்காரர். "பத்து வருஷத்துல அதைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான். பயந்தாங்கொள்ளின்னு சொன்னதை மட்டும் நான் நோட்டுல எழுதலை."

"நீங்க…" என்றார் ட்ரெவர். சுவர்க் கடிகாரம் நான்கு நாற்பதைக் காட்டியது.

தொப்பிக்காரர் மேஜைமேல் கிடந்த தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, உப்பேறிய கையை நீட்டினார்.

"பேனாவைக் குடுங்க. அவ கையெழுத்துக்குக் கீழே இருக்கிற கோடு எனக்குத்தான்னு காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டா என் பெண்டாட்டி."